பச்சைப் பட்டினி

"இந்தச் செடிக்கு ஏகாதசியே கெடையாதா, டீச்சரம்மா?"

எட்டரைப் பெரியவர் என் குண்டுமல்லியைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு இப்படிக் கேட்டார். திருச்சியில் எட்டரை என்றால் பூ. அந்த ஊரில் ஐம்பது வருஷமாக மல்லி போடுகிறவர். அவர் உறையூரில் என் வீட்டுக்கு வந்தது செடி பார்க்க இல்லை. பேத்தி என்னிடம் படித்தவள். கல்லூரியில் எந்தப் பாடம் எடுக்கலாம் என்று கேட்க அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். காபி கொடுத்தபின், வந்த மனிதரைச் சும்மா விடுவானேன் என்று கொல்லைப்பக்கம் அழைத்துப் போனேன்.

செடி பார்க்க ஜோராக இருந்தது. இடுப்புக்கு மேல் உயரம். எண்ணெய் தடவித் துடைத்தது மாதிரி கரும்பச்சை இலைகள். ஒவ்வொரு கொம்பும் பக்கத்துச் சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் "என்ன செழிப்பு!" என்பார்கள். பூ? ஒரு நாளைக்கு ஏழு, எட்டு. பூஜை அலமாரியில் இருக்கும் படங்களுக்குத் தலைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு போனால் கடைசியில் இருக்கும் ராகவேந்திரருக்கு எப்போதும் இருக்காது. அவர் பொறுமைசாலி, ஒன்றும் சொல்ல மாட்டார் என்று ஒரு கும்பிடு போட்டுவிடுவேன்.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம், நான் 31 வருஷம் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்தியவள். நைட்ரஜன் மிகுந்தால் இலை பெருக்கும், பூப்பது தள்ளிப்போகும் என்று எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். பத்து மார்க் கேள்வி அது. என் வீட்டுச் செடி அந்தப் பரீட்சையில் தோற்றுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

பெரியவர் முதலில் மொட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மொட்டு ஊதா நிறமாகி ஓட்டை இருந்தால் மொட்டுப்புழு. அது இல்லை. நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். பக்கத்து வீட்டு முருங்கை பாதி வெயிலைத் தின்றுகொண்டிருந்தது. "மல்லிக்கு வெயில்தான் சோறு" என்றார். அப்புறம் என்ன போடுகிறேன் என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன்: தினம் இரண்டு வேளை தண்ணீர், அரிசி கழுவின தண்ணீர் தனி, மாட்டெரு, ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு, மாதம் ஒரு கை யூரியா. அவர் சிரித்தார். ஏகாதசிக் கேள்வி அப்போதுதான் வந்தது.

அவர் போனபிறகு ஒரு பழைய நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். என் கைக்கு ஐம்பது கிராம் யூரியா பிடிக்கும் என்று வைத்தால் வருஷத்துக்கு 600 கிராம். யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம். ஆக 276 கிராம். வேளாண் பல்கலைக்கழகம் ஒரு மல்லிச் செடிக்கு வருஷத்துக்கு என்று சொல்லும் அளவு 60 கிராம் தழைச்சத்து, 120 கிராம் மணிச்சத்து, 120 கிராம் சாம்பல்சத்து. நான் தழைச்சத்தை மட்டும் நாலரை மடங்கு கொட்டியிருக்கிறேன். புண்ணாக்கும் எருவும் இந்தக் கணக்கில் சேராது.

தழைச்சத்து என்று பெயர் வைத்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. நைட்ரஜன் என்றால் காற்றில் இருக்கும் ஒரு வாயு. தழைச்சத்து என்றால் அது என்ன செய்யும் என்பது பெயரிலேயே இருக்கிறது. ஆனால் அந்தத் 'தழை'யைத்தான் நாம் ஆசீர்வாதமாகவும் சொல்கிறோம். கல்யாணத்தில் அட்சதை போடும்போது குடும்பம் தழைக்கணும் என்கிறோம். வம்சம் தழைக்கணும் என்று வேண்டிக்கொள்கிறோம். பூக்காட்டில் போய் ஒருவரிடம் "உங்கள் மல்லி நன்றாகத் தழைத்திருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள், முகம் சுருங்கிவிடும். அங்கே அது புகார். இன்னொரு அர்த்தமும் உண்டு: கொஞ்சம் தழைந்து போனால் என்ன என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அந்தத் தழைதல் பணிவு. ஒரே சொல் செழிப்பாகவும் தாழ்மையாகவும் குறையாகவும் இருக்கிறது. இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன்.

பெரியவர் சொன்ன வைத்தியம் எளிது. யூரியாவை நிறுத்து. முருங்கைக் கிளையைக் கழிக்கச் சொல். பிறகு செடியைக் காயப்போடு. இரண்டு மூன்று வாரம் தண்ணீர் காட்டாதே. இலை சோர்ந்து தொங்கும், பார்த்து மனசு கேட்காது, அப்போதும் ஊற்றாதே. கார்த்திகை நடுவில், அதாவது நவம்பர் கடைசியில், தரையிலிருந்து முழங்கால் உயரம் விட்டு மேலே எல்லாவற்றையும் வெட்டு. இதற்குக் கவாத்து என்று பெயர். ஆயுதப்படை மைதானத்தில் போலீஸ்காரர்கள் காலையில் செய்வதும் கவாத்துதான். இரண்டிலும் வளைந்தது நிமிர்த்தப்படும் போலிருக்கிறது. "வெட்டின அன்னைக்கே சுத்தி மண்ணைக் கொத்திவிட்டு பத்துக் கிலோ எரு, கணக்கா உரம், நெறையத் தண்ணி" என்றும் சொன்னார். கடைசியாகச் சொன்ன இதை நான் ஒரு குறிப்பாக எழுதிக்கொண்டேன், செய்தேன், மறந்துவிட்டேன்.

வெட்டிய அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கொல்லையில் ஒரு கட்டை விறகுக் கத்தைபோல நின்றது. மார்கழி முடிவதற்குள் கணுவுக்குக் கணு துளிர்த்தது. மல்லி புதுக் கொழுந்தில்தான் பூக்கும். பழைய கொம்பை வெட்டினால்தான் புதுக் கொழுந்து. மாசி பிறந்ததும் ஒவ்வொரு நுனியிலும் மொட்டு. மாசி நடுவில் ஒரு நாள் காலையில் பறித்து எண்ணினேன்: 312. ராகவேந்திரருக்கு அன்று பத்து.

அந்த 312 மொட்டு என் தலைக்கு ஏறிவிட்டது.

அந்தச் சமயத்தில் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் ஒரு தொடர் சொற்பொழிவு நடந்தது. பேசியவர் நன்றாகப் பேசுகிறவர். இறைவனின் ஐந்தொழில்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார்: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். மறைத்தலும் அருள்தான், அழித்தலும் அருள்தான் என்பது சைவ சித்தாந்தம். இனிக்க இனிக்கத் தருவது அறக்கருணை, அடித்துத் திருத்துவது மறக்கருணை. இதற்கு அவர் சொன்ன உவமை தோட்டக்காரன். அவன் கத்தரியோடு வருகிறான், செடி அழுகிறது, பிறகு பூக்கிறது. கூட்டத்தில் நான் தலையை மட்டும் ஆட்டவில்லை, எழுந்து நின்று கைதட்டாத குறை. என் வீட்டுக் கொல்லையே சாட்சி அல்லவா?

அதன்பிறகு பார்த்தவர்களுக்கெல்லாம் இதைச் சொன்னேன். நீட் தேர்வில் தவறிய பையனுக்குச் சொன்னேன். வேலை போன என் அக்கா மருமகனுக்குப் போனில் சொன்னேன். அவர் "சரிங்க சித்தி" என்று வைத்துவிட்டார். ஆசிரியையாக இருந்தவர்களுக்கு இந்த வியாதி உண்டு. புதிதாக ஒரு உவமை கிடைத்தால் வகுப்பு தேடி அலைவோம்.

எங்கள் தெருவுக்குப் பன்னிரண்டு வருஷமாகப் பூ கொண்டுவருகிற அம்மாவின் வீட்டுக்காரர் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். சர்க்கரை. காலில் ஆணி குத்தியது, பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, புண் மேலே ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. மூன்று வாரம் கழித்து அவள் மறுபடி கூடையோடு வந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். விஷயத்தைச் சொன்னாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்குக் கேட்டால் பத்து விதமாகச் சொல்வேன். அன்றைக்குச் சொன்னது இது: "சாமி கவாத்து பண்ணுது தாயி. வெட்டின செடிதான் பூக்கும். உன் குடும்பமும் பூக்கும் பாரு."

கால் எடுத்த மனிதனின் பெண்டாட்டியிடம் இதைச் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. முழம் அளந்துகொண்டே பேசினாள். "நான் கல்யாணத்துக்கு முன்னாடி பூக்காட்டுலதான் கெடந்தேன் டீச்சர். விடியக்காலம் மொட்டெடுக்கறதுல இருந்து கவாத்து வரைக்கும் எல்லா வேலையும் பாத்திருக்கேன். வெட்டுறவங்க அன்னைக்கே எருவும் தண்ணியுமா வந்து நிப்பாங்க. அவரு காலை எடுத்து இருவத்தி மூணு நாளாச்சு. யாரு வந்தா?"

பூவைக் கிள்ளி என் கையில் கொடுத்தாள். அளவு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே இருந்தது. கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று வாரமாக அவள் ஏன் வரவில்லை என்று நானும் போய்ப் பார்க்கவில்லை. வேறொருத்தியிடம் பூ வாங்கிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கேள்விக்குப் பிறகு, சொற்பொழிவை விட்டுவிட்டு எனக்குத் தெரிந்த பாடத்துக்கே திரும்பினேன். 1918-இல் அமெரிக்காவின் ஆரிகனில் கிராஸ், கிரேபில் என்ற இருவர் தக்காளிச் செடியை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். செடிக்குள் இருக்கும் மாவுச்சத்துக்கும் நைட்ரஜனுக்கும் இடையிலான விகிதத்தைப் பொறுத்து அதன் நடத்தை நான்கு வகையாகப் பிரியும் என்றார்கள். நைட்ரஜன் இருந்து மாவுச்சத்து போதாத செடி நோஞ்சானாக இருக்கும். இரண்டும் தாராளமாக இருந்தால் தழைத்துக்கொண்டே போகும், காய்க்காது. அது என் மல்லி. நைட்ரஜன் சற்றுக் குறைந்து மாவுச்சத்து சேர்ந்தால் பூத்துக் காய்க்கும். நான்காவது வகையைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம்: நைட்ரஜன் இன்னும் குறைந்துபோனால் செடி தழைக்கவும் தழைக்காது, காய்க்கவும் காய்க்காது. வெறுமனே நிற்கும். பின்னால் வந்தவர்கள் இதில் நிறையத் திருத்தங்கள் சொல்லியிருக்கிறார்கள், விஷயம் இவ்வளவு எளிதில்லை என்று. ஆனாலும் அந்த நான்காவது வகையைப் பூக்காட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பட்டினி போட்டால் பூக்கும் என்பது, வேரில் கையிருப்பு இருக்கிற செடிக்கு மட்டும் பொருந்துகிற உண்மை.

அந்தக் கையிருப்பை யார் சேர்த்தது? நான் வெட்டி எறிந்த தழைதான். நான் கண்டபடி திட்டிய அந்தக் கரும்பச்சை இலைகள் ஒரு வருஷம் முழுக்க வெயிலில் நின்று சமைத்ததை வேருக்கும் அடிக்கட்டைக்கும் அனுப்பிவைத்திருந்தன. கட்டை துளிர்த்தது அதைச் சாப்பிட்டு. கத்தரிக்கோல் ஒரு துளிரையும் உண்டாக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதை வகுப்பில் நடத்தும்போதே எனக்கு மெய்சிலிர்க்கும். ரஷ்யாவில் சைலாக்கியான் என்ற விஞ்ஞானி 1930-களில் செவ்வந்திச் செடியை வைத்து ஒரு சோதனை செய்தார். செவ்வந்தி பகல் குறுகினால் பூக்கிற செடி. செடியின் மேல்பாதி இலைகளை உருவிவிட்டு, இலை இருக்கும் கீழ்ப்பாதிக்கு மட்டும் குறுகிய பகலைக் காட்டினார். மேலே, இலையே இல்லாத நுனியில், நீண்ட பகலில் இருந்த நுனியில், பூ வந்தது. பொழுது குறைந்ததைக் கண்டுபிடித்தது இலை. அது ஏதோ ஒரு சேதியை நுனிக்கு அனுப்பியிருக்கிறது. அந்தச் சேதிக்கு 1937-இல் ஃப்ளோரிஜன் என்று பெயர் வைத்தார். அது ஒரு புரதம் என்று உறுதியானது 2007-இல். எழுபது வருஷம் ஆயிற்று. பூக்க வேண்டிய வேளை எது என்று பூவுக்குத் தெரியாது, இலைக்குத்தான் தெரியும்.

(உறையூர்க்காரிக்குச் செவ்வந்தி என்றால் சும்மா விட முடியாது. மலைக்கோட்டைத் தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்றும் பெயர். சாரமா முனிவர் சிவனுக்காக வளர்த்த செவ்வந்தியை ஒருவன் திருடி அரண்மனைக்குக் கொடுத்தான், அரசன் கண்டிக்கவில்லை, அதனால் உறையூரே மண்மாரியில் மூழ்கியது என்பது தலபுராணம். ஒரு கூடைப் பூவுக்கு ஒரு ஊர். சின்ன வயசிலிருந்தே எனக்கு இந்தக் கதை பிடிக்காது. குற்றவாளி ஒருவனோ இருவரோ, புதைந்தவர்கள் எத்தனை பேர்? பாட்டியிடம் கேட்டால் "சாமி விஷயத்தில் கணக்குப் பார்க்காதே" என்பாள்.)

இலையை நாம் தாழ்த்துவது எப்போது தொடங்கியது என்று யோசித்தால், பக்தி இலக்கியத்தில் இல்லை. கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் கண்ணன் தனக்கு என்ன கொடுத்தாலும் போதும் என்று நான்கு பொருள்களைச் சொல்லும்போது இலைதான் முதலில் வருகிறது, பூ அடுத்துத்தான். இறைவனுக்கு ஒரு பச்சிலை போடுவது யாராலும் ஆகும் என்று திருமூலர் சொல்லிவிட்டார். வில்வத்துக்குப் பூவை யார் தேடுகிறார்கள்? திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வார் நந்தவனம் போட்டு அரங்கனுக்குக் கொண்டுபோனதில் துளசி இருந்தது. துளசி வளர்க்கிறவர்களுக்குத் தெரியும், அங்கே சட்டம் தலைகீழ். கதிர் வர ஆரம்பித்ததும் கிள்ளிவிட வேண்டும். விட்டுவிட்டால் விதை கட்டி, தண்டு விறகாகி, இலை சிறுத்துப்போகும். அதாவது என் கொல்லையில் பத்தடி தூரத்துக்குள், ஒரு செடியில் பூவுக்காக இலையை வெட்டுகிறேன், இன்னொன்றில் இலைக்காகப் பூவைக் கிள்ளுகிறேன். இரண்டு செடியும் என்னைப் பற்றி என்ன நினைக்கும்! மல்லிக்கு எது மிச்சமோ அது துளசிக்கு மூலதனம். காவிரிக்கு அந்தப் பக்கம் திருவானைக்காவில் இருந்த சிலந்தி வேறு கட்சி. நாவல் இலை லிங்கத்தின்மேல் விழுவது அவமரியாதை என்று வலை பின்னி வைத்தது.

ஆகவே எது மிகை, எது தேவை என்பது செடிக்குள் எழுதியிருக்கவில்லை. வெட்டுகிறவருக்கு என்ன வேண்டுமோ அதைப் பொறுத்தது. துன்பத்தைக் கவாத்து என்று சொல்லும்போது இதைத்தான் ஓசைப்படாமல் விழுங்கிவிடுகிறோம். மல்லி பூப்பது மல்லிக்காக இல்லை. கார்த்திகையில் நான் வெட்டியது என் ராகவேந்திரருக்குப் பத்துப் பூ வேண்டும் என்று. மூட்டை தூக்குகிற மனிதருக்குக் கால் போனதில் பூக்க வேண்டியது என்ன, யாருடைய அலமாரிக்கு?

மறக்கருணை என்ற சொல்லை நான் தூக்கி எறியவில்லை. அந்தச் சொல்லைச் சொல்லும் உரிமை யாருக்கு என்பதில்தான் எனக்கு வழக்கு. பாகவதத்தில் குந்தி, போர் முடிந்து கண்ணன் துவாரகைக்குக் கிளம்பும்போது, எங்களுக்கு ஆபத்துகள் வந்துகொண்டே இருக்கட்டும், அப்போதுதானே உன்னைப் பார்க்க முடிகிறது என்று கேட்கிறாள். அரக்கு மாளிகையும் வனவாசமும் பார்த்த வாய் அது. அவள் தன் துன்பத்தை வைத்துக்கொண்டு அதைக் கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரிக்கு ஆபத்து வரட்டும் என்று கேட்கவில்லை. ஏகாதசியும் அப்படித்தான். நான் சாப்பிடாமல் இருந்தால் விரதம். என் வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கு நான் சோறு போடாமல் இருந்துவிட்டு அதை விரதம் என்று சொன்னால் ஊர் சிரிக்கும். வெட்டுப்பட்டவர் பிற்பாடு ஒரு நாள், தானாக, அது எனக்கு நல்லதாகவே முடிந்தது என்று சொன்னால் அது ஞானம். அதையே அடுத்தவர் முந்திக்கொண்டு சொன்னால் வாய்க்கொழுப்பு. எனக்கு இருந்தது அதுதான்.

இதற்கு எங்கள் ஊரிலேயே ஒரு பதில் இருந்தது. அறுபத்து மூன்று வயது வரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தும் எனக்குப் புரியவில்லை.

மாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை சமயபுரத்தில் பூச்சொரிதல். திருச்சியைச் சுற்றி எந்தத் தெருவிலிருந்தும் தட்டுத் தட்டாக, கூடை கூடையாக, வண்டி வண்டியாகப் பூ போகும். அன்றைக்கு மாரியம்மனைப் பூவுக்குள் தேடத்தான் வேண்டும். அதே நாளில் அம்மனுக்குப் பச்சைப் பட்டினி தொடங்குகிறது. பங்குனி கடைசி ஞாயிறு வரை 28 நாள் அவளுக்குச் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், கரும்பு, இவ்வளவுதான். மற்ற கோயில்களில் பக்தன் சாமிக்காக விரதம் இருப்பான். இங்கே பக்தர்களுக்காகச் சாமி இருக்கிறாள். வெயில் காலத்தில் நோய் நொடி வராமல் ஊர் இருக்க வேண்டும் என்று அவள் பட்டினி கிடக்கிறாள்.

எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் ஒரு மல்லிச் செடியைக் காயப்போட்டு, வெட்டி, மாசியில் பூக்க வைத்தபிறகு அதே மாசியில் அந்தக் கோயில் வாசலில் நின்றபோது எனக்குத் தலை சுற்றியது. பட்டினியும் பூவும் ஒரே நாளில், ஒரே இடத்தில். செடியைப் பட்டினி போட்டால் பூக்கும் என்பதை இந்தச் சீமைப் பூக்காரர்கள் எந்தக் காலத்திலிருந்தோ அறிந்திருப்பார்கள். அதே ஜனங்கள் தங்கள் தெய்வத்துக்கு ஒரு விழா வைத்தபோது அவள் கையில் கத்தரியைக் கொடுக்கவில்லை. பட்டினியைத்தான் கொடுத்தார்கள். அம்மன் தோட்டக்காரியாக நிற்கவில்லை. செடியின் பக்கம் வந்து நிற்கிறாள். இதை எந்தச் சித்தாந்த நூலில் எந்தச் சூத்திரத்தில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியாது. சொற்பொழிவாளரின் தோட்டக்காரனைவிட இந்தப் பட்டினிக்காரி எனக்கு நம்பும்படியாக இருக்கிறாள்.

அன்று ஊர் திரும்பியதும் பூக்கார அம்மாவின் வீட்டுக்குப் போனேன். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. வாய்க்காலை ஒட்டி ஒற்றை அறை. அவர் கட்டிலில் உட்கார்ந்து நார் கிழித்துக்கொண்டிருந்தார்; மூட்டை தூக்கின கைக்கு நார் நிற்கவில்லை, அறுந்து அறுந்து போனது. "பழகிரும்" என்றார். நான் கவாத்து பற்றி ஒன்றும் பேசவில்லை. என்னால் ஆகக்கூடியது மனு எழுதுவது. வாத்தியார் கையெழுத்து நன்றாக இருக்கும். மாற்றுத்திறனாளி அட்டைக்கும் செயற்கைக் காலுக்கும் எழுதிக்கொடுத்து, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளுக்கு அவர்களோடு போனேன். வரிசையில் மூன்று மணி நேரம். ஒரு சான்றிதழ் குறைகிறது என்றார்கள், அடுத்த வாரமும் போனோம். அட்டை வந்தது. கால் வருவதற்கு இன்னும் நாளாயிற்று. காயம் முழுக்க ஆறி, தசை சுருங்கி நிலைப்பட்ட பிறகுதான் அளவு எடுப்பார்களாம். செடியைவிட மனுஷனுக்குத் துளிர்க்க நேரம் அதிகம் பிடிக்கிறது.

இப்போது அவர் சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் ஒரு தள்ளுவண்டியில் தேங்காய், பழம், கற்பூரம் வைத்திருக்கிறார். குடும்பம் பூத்துவிட்டது என்று யாராவது எழுதினால் அடிப்பேன். கடன் இருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது. சாயங்காலம் வலி வந்தால் எரிந்து விழுகிறார் என்று அவள் சொல்கிறாள்.

போன கார்த்திகையில் மறுபடி கவாத்து செய்தேன். இம்முறை முதலில் எருவை வாங்கிவைத்துவிட்டுத்தான் கத்தரியை எடுத்தேன். வெட்டிய தழையைக் குப்பையில் போடாமல் துளசி மாடத்தைச் சுற்றி மூடாக்காகப் பரப்பினேன். பூச்சொரிதலுக்கு முந்தின நாள் காலையில் செடி நிறைய மொட்டு இருந்தது. பூக்கார அம்மா கூடையோடு வந்தாள். சமயபுரத்துக்குத் தட்டு எடுக்கிறவர்கள் கேட்டிருக்கிறார்கள், கொடு டீச்சர் என்றாள். தராசில் போட்டு நிறுத்தாள். அன்றைய மார்க்கெட் விலையைச் சொல்லி, இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து எண்ணிப் பணம் கொடுத்தாள்.

வாங்கிக்கொண்டேன்.